கடுகு வரைந்த வழி

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. போனில் பேசிக்கொள்ளக் கூடாதா என்று உன் மனைவி கேட்டாளாம். நான் பத்து நிமிஷம் பேசினால் நீ பத்து "ம்" போடுவாய். காகிதத்தில் யாரும் "ம்" போட முடியாது. எனக்கு இதுதான் வசதி.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். முப்பத்தொரு வால்கள். அதோடு சமூகப் பாடமும் புதிதாக வந்திருக்கிறது. புத்தகத்தின் பெயர் "நாமும் நம் ஊரும்". முதல் பாடமே, "நகரத் தலைவரின் கடமைகள் யாவை? ஐந்து கூறுக." எட்டு வயசுப் பிள்ளைக்கு நகரத் தலைவர் என்ன சித்தப்பாவா? ஒருத்தன் எழுந்து, "டீச்சர், அவரு நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டான். எனக்கே தெரியாது. புத்தகத்தை மூடி மேஜைக்குள் போட்டுவிட்டேன்.

"உங்க வீட்டு வாசல்லேருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வர்ற வழியைப் படமா போடுங்க. கண்ணுல பட்டது எதையும் விடக் கூடாது. இல்லாததைப் போடவும் கூடாது" என்றேன். ஊர் என்றால் என்னவென்று முதலில் காலுக்குத் தெரியட்டும், பிறகு வாய்க்குத் தெரியட்டும் என்று என் எண்ணம். வந்து விழுந்தன பார், படங்கள்! வேனில் வரும் ஒருவன் டிரைவரின் பின்மண்டையை மட்டும் தாள் நிறைய வரைந்துவிட்டு, "எனக்கு வழி பூரா இதுதான் தெரியும் டீச்சர்" என்றான். ஒருத்தி சாக்கடையில் ஒற்றைச் செருப்பு மிதப்பதை வரைந்திருந்தாள். அவளுடையதுதானாம். முடிதிருத்துபவர் அவருடைய நாற்காலியிலேயே தூங்குகிற படத்தை நான்கு பேர் போட்டிருந்தார்கள். பாவம், மனிதருக்கு வியாபாரம் இல்லை போலிருக்கிறது.

இத்தோடு இருக்கும் படம் கடுகு வரைந்தது. பிள்ளைகள் வைத்த பெயர்தான். வகுப்பிலேயே சின்ன உருவம், ஆனால் காரத்துக்குக் குறைச்சல் இல்லை. நீ வந்திருந்தபோது என் வீட்டு ஜன்னலிலிருந்து கூட்ஸ் யார்டைப் பார்த்தாயே, அதற்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து எங்கள் பள்ளிக்கு ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். என் வகுப்பில் இவள் ஒருத்திதான். சுவர், அதில் இடிந்த ஓட்டை, பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து நுழையும் பிள்ளை, தண்டவாளங்கள், நிற்கும் வேகன்கள், கொடியோடு ஒரு ஆள், கடைசியில் எங்கள் பின்கேட்டு. அந்த ஆளுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாள் பார்: "கொடி மாமா. போன்னு சொன்னாத்தான் போகணும்." எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ரயில் வேலை பார்க்கிறவனுக்குப் பிடிக்குமே என்று ஒரு நகல் எடுத்து அனுப்புகிறேன்.

பார்த்துவிட்டு நாலு வரி எழுது. "ம்" என்று எழுதினால் அடுத்த தடவை தபால்தலை ஒட்டாமல் அனுப்புவேன்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. "ம்" இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

படத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். எங்கள் பாதுகாப்புப் பிரிவில் அளவெடுப்பவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த யார்டைப் பற்றி அவர்கள் கொடுத்த அறிக்கையில் சுவர் முழுசாக இருக்கிறது. உன் கடுகு செங்கல் செங்கலாக வரைந்து அனுப்பியிருக்கிறாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் படத்தை மேஜைமேல் விரித்துப் போட்டேன். எல்லோருக்கும் முகம் செத்துப்போயிற்று.

அக்கா, உனக்கு யார்டு தெரியாது. இஞ்சின் வந்தால் சத்தம் கேட்கும், ஒதுங்கலாம். வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலையில் வேகனைத் தள்ளி விட்டுவிடுவார்கள். அது இஞ்சின் இல்லாமல், சத்தமே இல்லாமல் பூனை மாதிரி உருண்டு வரும். அதன் நடுவே ஏழு பிள்ளைகள் தினமும் இரண்டு வேளை நடக்கிறார்கள் என்று படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே எழுதிப் போட்டுவிட்டேன். அடுத்த வாரத்துக்குள் ஓட்டை அடைக்கப்படும். சாதாரணமாக இந்த மாதிரி வேலைக்கு ஆறு மாதம் ஆகும். ஒட்டப்போகும் அறிவிப்பில் அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லச் சொல்லியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று "மூன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் வரைந்த படத்தின் உதவியால்" என்று போடுகிறார்கள். உன் பாடம் ஒரு அலுவலகத்தையே அசைத்துவிட்டது. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன்.

கலர் பென்சில் பெட்டி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். நான் கொடுத்தேன் என்று சொல்லி அவளிடம் கொடு.

உன் தம்பி

ஜூலை 3

தம்பி,

உன் பென்சில் பெட்டி என் மேஜையில் கிடக்கிறது. என்ன சொல்லிக் கொடுக்கட்டும்?

திங்கட்கிழமை சுவரை அடைத்தார்கள். செவ்வாய் முதல் ஏழு பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஓட்டை இல்லையென்றால் அவர்களுக்கு எந்த வழி என்று உன் கூட்டத்தில் ஒரு மனுஷனாவது கேட்டானா? நீ கேட்டாயா? யார்டைச் சுற்றி மெயின் ரோட்டுக்குப் போய், மேம்பாலம் ஏறி இறங்கி வர வேண்டும். முக்கால் மணி நேரம். மேம்பாலத்தில் நடைபாதை இல்லை. லாரி உரசினால் ஒதுங்க இடமில்லை. அங்கே பெற்றவர்கள் எல்லோரும் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவர்கள். யார் கையைப் பிடித்துக் கூட்டி வருவது?

எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? நான் என் தம்பிக்கு ஒரு படம் அனுப்பினேன். அதிகாரிக்கு அனுப்பவில்லை.

நேற்று கடுகின் அம்மா வந்திருந்தாள். சலவைக்கடையில் வேலை பார்க்கிறவள். அரை நாள் சொல்லிவிட்டு அந்தச் சுற்று வழியில் நடந்தே வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தாலும் தேவலை. "டீச்சர், நோட்டீஸ்ல மூணாங்கிளாஸ் பொண்ணுன்னு போட்டிருக்காங்க. எங்க பக்கம் மூணாங்கிளாஸ் இவ ஒருத்திதான். தெருவே சேர்ந்து இவளைப் பேசுது. கொடி மாமாவையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம். அவர் சம்சாரம் வந்து வாசல்ல நின்னு அழுதுட்டுப் போச்சு. இவ ரெண்டு நாளா சாப்பிடலை. நீங்கதானே டீச்சர் உண்மையா போடச் சொன்னீங்க?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிடித்தது நான், முடித்தது நீ.

சுவரை என்ன செய்யலாம் என்று சொல். உடனே எழுது.

அக்கா

ஜூலை 10

அக்காவுக்கு,

நீ திட்டுவதில் நியாயம் இருக்கிறது. சுற்று வழியைப் பற்றி நான் கேட்கவில்லை. நோட்டீஸ் விஷயத்தில் நான் செய்தது முட்டாள்தனம். கொடி பிடித்தவருக்காக மாற்றல் வேண்டாம் என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகளைத் தண்டவாளம் தாண்ட விட்டது குற்றம் என்று என் கடிதத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் சுவரை மறுபடி திறக்கச் சொல்லாதே. அதை என்னால் செய்ய முடியாது. உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. ஒரு இடத்தில் அடிபட்டால் மறுநாள் அளவெடுக்கப் போகிறவன் நான். போன வருஷம் வேறொரு யார்டில் ஒரு பையனின் மதிய உணவு டப்பா மூடிகூடத் திறக்காமல் தண்டவாளத்துக்கு நடுவே கிடந்தது. அதற்கும் சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து எழுதினேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. உன் கடுகு பள்ளிக்கு வராமல் இருந்தால் எனக்கு வருத்தம். ஆனால் உயிரோடு இருந்து வராமல் இருக்கிறாள்.

ஒரு வழி இருக்கிறது. முறையாக ஒரு மனு வரட்டும். சுவரில் ஒரு கேட் வைத்து ஆள் போடவோ, நடைபாலம் போடவோ கேட்கட்டும். நான் கையில் பிடித்துக்கொண்டு மேலே போகிறேன். உன் பாடமும் அதுதானே? பிள்ளைகளை வைத்தே எழுது. பிள்ளைகள் எழுதியது என்றால் கல்லும் கரையும்.

உன் தம்பி

ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இன்னும் பாதி இருக்கிறது. மீதிப் பாதியால் இதை எழுதுகிறேன். மனுவும் இதோடு இருக்கிறது.

இதை எழுத எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. உன் இலாகாவே இவ்வளவு யோசித்திருக்காது. முதலில் யாருக்கு எழுதுவது என்று ஒரு சண்டை. "சுவரு யாரோடதோ அவங்களுக்கு" என்று டிரைவர் மண்டை வரைந்தவன் தீர்த்து வைத்தான். பிறகு "மதிப்பிற்குரிய" என்று போடுவதா, "அன்புள்ள" என்று போடுவதா. ஓட்டுக்கு விட்டேன். "அன்புள்ள" ஜெயித்தது. "மதிப்பிற்குரிய எழுதினா கை வலிக்கும் டீச்சர்" என்று காரணம் சொன்னார்கள். என்ன கேட்பது என்று இரண்டாவது ஓட்டு. பாலத்துக்கு ஒன்பது, லிஃப்டுக்கு நான்கு, சுவரில் ஒரு கதவும் கொடி மாமாவும் வேண்டும் என்பதற்குப் பதினேழு. ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான். ஒருத்தருக்கு ஒரு ஓட்டுதான் என்றேன். "ஒரு கை கடுகோடது டீச்சர். அவ இல்லைல்ல?" என்றான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் ஓட்டை அவளிடமே வாங்கி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அந்தச் சுற்று வழியில் நடந்தேன். மேம்பாலத்தில் கைப்பிடிச் சுவரோடு பல்லிபோல ஒட்டிக்கொண்டுதான் போனேன். என் வயசுக்கு இது தேவையா என்று உன்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

கடுகு பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை இப்போது இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தெருவின் கோபத்துக்கு இது பரிகாரம் போல. மனுவை விரித்துக் காட்டினேன். முழுக்கப் படித்தாள். நன்றாகப் படிக்கிற பெண். "இங்க ஒரு கையெழுத்துப் போடு, எல்லாரும் போட்டிருக்காங்க பாரு" என்றேன். பேனாவை வாங்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டா இன்னும் எதையாவது மூடிருவாங்களா டீச்சர்?"

"இல்லம்மா. இது திறக்கச் சொல்லிக் கேக்குற கடுதாசி."

"படம் போடச் சொன்னப்பவும் நல்லதுக்குன்னுதான் சொன்னீங்க."

மனுவை மடித்து எடுத்துக்கொண்டேன். முப்பது கையெழுத்தோடு அனுப்புகிறேன். கீழே ஒரு இடம் காலியாக இருக்கும். பிள்ளைகள் அதை அடைக்க விடவில்லை.

பென்சில் பெட்டியைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். கொடுக்கவில்லை. கொண்டுவந்துவிட்டேன்.

தம்பி, இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கை கொடு. பிள்ளைகளிடம், ஒழுங்காகக் கேட்டால் பதில் வரும் என்று சொல்லியிருக்கிறேன். முப்பது பேரும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் சொல்லப் போவதில்லை. மனுவோடு நான்கு அறைகளுக்குப் போனேன். நான்கிலும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, "அட, பிள்ளைகள்!" என்ற சிரிப்பு. ஒருவர் காலியாக விட்ட இடத்தைக் காட்டி, "இது யாருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். உச்சுக் கொட்டினார். பிறகு தேநீர் வந்துவிட்டது.

பதில் இதோடு இருக்கிறது. விதிப்படி பாதுகாப்புப் பிரிவுதான் அனுப்ப வேண்டும். அதாவது நான். வாசகம் என்னுடையது அல்ல, கையெழுத்துதான் என்னுடையது. போட மாட்டேன் என்று சொன்னேன். போடாவிட்டால் மனு பதிலில்லாமல் பெட்டியில் கிடக்கும் என்றார்கள். பதில் வரும் என்று நீ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாயே என்று போட்டேன்.

"தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி இடத்தில் எக்காலத்திலும் பொதுப் பாதை இருந்ததாக ஆவணங்களில் பதிவு இல்லை. இல்லாத பாதைக்கு மாற்றுப் பாதை கோர இயலாது. தங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்."

படிக்க வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். எனக்கு உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது.

தம்பி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

படித்தேன். பதில் வந்த பிறகு மறைத்தால் நான் என்ன ஆசிரியை? கையெழுத்து இருந்த இடத்தை மட்டும் மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

"பரிசீலிக்கப்பட்டதுன்னா என்ன டீச்சர்?" என்று முதல் கேள்வி.

"யோசிச்சுப் பார்த்தாங்கன்னு அர்த்தம்."

"யோசிச்சுட்டு?"

"வழியே இல்லைங்கிறாங்க. அவங்க ஆவணத்துல அப்படி ஒரு பாதை இல்லையாம்."

செருப்பு வரைந்தவள் கேட்டாள், "அப்போ கடுகு பொய்யா வரைஞ்சாளா?"

இல்லை, அவள் உண்மையாகத்தான் வரைந்தாள் என்றேன். "அப்போ இவங்க பொய் சொல்றாங்களா?" பொய் இல்லை, அவர்கள் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை என்றேன். "அப்போ எழுதிக்கச் சொல்லுங்க டீச்சர். நாமதான் படமே அனுப்பியிருக்கோமே!" ஒருவன் மட்டும், "நாம ஜெயிச்சோமா தோத்தோமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு விளையாட்டு முடிந்ததா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக மணி அடித்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். வேன் ஒன்று விட முடியுமா என்றேன். "ஏழு பேருக்கு யாரு விடுவாங்க? உங்களுக்கு நல்ல மனசு டீச்சர்" என்றார்கள். இந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. இனிமேல் புத்தகத்தையே நடத்தலாம் என்று எடுத்து வெளியே வைத்துவிட்டேன். நகரத் தலைவரின் கடமைகள் ஐந்து.

உன்மேல் கோபமில்லை. கோபப்படத் தெம்பு இல்லை. நீ தடுத்தது சாவை என்றால் அதையும் என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அழுகையாக வருகிறது, அவ்வளவுதான்.

அக்கா

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு பிள்ளைகளும் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கு வருகிறார்கள். மெயின் ரோட்டு வழியாக வருகிறார்கள். கடுகும் வருகிறாள். எல்லோரும் நலம்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். ஐந்து வரி. நான் விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து நீ எனக்கு எழுதுகிறாய். ஒரு கடிதமும் இரண்டு பக்கத்துக்குக் குறைந்ததில்லை. அந்தப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்றால் நீ எவ்வளவு எழுதியிருக்க வேண்டும்! யார் என்ன சொன்னார்கள், கடுகு எங்கே உட்கார்ந்தாள், யார் யாரைக் கிள்ளினார்கள் என்று எதுவுமே இல்லை.

சுவரில் வேறு எங்கேயோ மறுபடி இடித்திருப்பார்கள். கேள்வியாகக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டி வரும். சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் நான் எழுதிப் போட வேண்டும். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். எழுதினால் மறுபடி அடைப்பார்கள், பிள்ளைகள் மறுபடி வீட்டில் உட்காருவார்கள். எழுதாவிட்டால் நான் டேப் எடுத்துக்கொண்டு உன் ஊருக்கு வர வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. முன்பாவது கொடியோடு ஒரு மனிதர் இருந்தார். அவரையும் நான்தான் அனுப்பினேன்.

காலையில் எட்டரையிலிருந்து ஒன்பது வரை அந்த யார்டில் ஆள் மாறும் நேரம். அப்போது எந்த வேகனும் நகரக் கூடாது என்பது விதி. விதி என்றுதான் எழுதுகிறேன். நகராது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மாலையில் அப்படி ஒரு நேரமும் இல்லை.

இனிமேல் பிள்ளைகளைப் பற்றி எனக்கு எதுவும் எழுதாதே அக்கா. தினம் ஒரு கார்டு மட்டும் போடு. ஏழு பேரும் வந்தார்கள் என்று ஒரு வரி. வழியைப் பற்றி எழுதாதே. நான் பதில் போட மாட்டேன். போட எனக்கு வாயில்லை.

உன் தம்பி

அக்டோபர் 4

தம்பி, ஏழு பேரும் வந்தார்கள். அக்கா.

அக்டோபர் 5

ஏழு பேரும் வந்தார்கள். மழை. வழுக்குமே என்று பின்கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா.

அக்டோபர் 6

ஏழு பேரும். எட்டரைக்கு முன்னால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிற பிள்ளைகள். மாலையில் யார்டு தாண்டி விளக்கு எரிகிறதா என்று ஜன்னலில் நின்று பார்க்கிறேன். எரிந்தால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அக்கா.

அக்டோபர் 9

ஏழு பேரும் வந்தார்கள். அக்கா.

அக்டோபர் 10

ஆறு பேர். கடுகு வரவில்லை. காய்ச்சல் என்கிறார்கள். ஆறு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு பேரும் ஒரே மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல், "காய்ச்சல் டீச்சர்" என்றார்கள். பள்ளி விட்டதும் போகிறேன். அக்கா.

அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றைய கார்டு இதற்கு முன்னாலேயே உன் கைக்கு வந்திருக்கும். உனக்கு உயிரே போயிருக்கும். எனக்கும் போயிற்று. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: காய்ச்சல்தான். வெறும் காய்ச்சல்.

எழுதாதே என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வேண்டாமென்றால் இத்தோடு மடித்து வைத்துவிடு.

மேம்பாலத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். காய்ச்சல் என்று அவர்கள் சொன்னதை நான் ஒரு நொடிகூட நம்பவில்லை தம்பி. போன ஜூனில் அந்தப் பிள்ளைகள் வானம் பச்சை என்று சொல்லியிருந்தாலும் அண்ணாந்து பார்த்திருப்பேன். இப்போது அவர்கள் உண்மையைச் சொல்லியும் நான் ஓடிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சக்கரம் சக்கரமாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

கதவு திறந்திருந்தது. நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். அம்மா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. இரண்டு காலையும் பார்த்தேன், இரண்டு கையையும் பார்த்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் எழுந்து எனக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். பிடித்துப் படுக்க வைத்தேன். கை நெருப்பாய்ச் சுட்டது. கதவுக்குப் பின்னால் அவளுடைய பள்ளி உடுப்பு தொங்கியது. இடுப்புக்குக் கீழே கறுப்பு மை, வேகனின் மசகு. துவைத்தும் போகவில்லை. சலவைக்கடைக்காரியின் வீட்டிலேயே போகவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அவள் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. தடுக்க இல்லை. தடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? எங்கே குனிகிறாள், எங்கே நிற்கிறாள், யாராவது முன்னால் பார்த்துச் சொல்கிறார்களா, இது தெரிந்தால் காலையில் கேட்டில் நிற்கும்போது கொஞ்சம் மூச்சு விடலாம் என்று தோன்றியது. தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்.

"எந்த வழியா வர்றீங்கன்னு டீச்சர்கிட்ட மட்டும் சொல்லு. சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அரைத் தூக்கத்தில் இருந்தவள் கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். பிறகு, வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.

"மெயின் ரோட்டு வழியாத்தான் வர்றோம் டீச்சர்."

"சரிம்மா" என்றேன்.

அவள் அம்மா வரும்வரை துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கினால் திங்கட்கிழமை வருவாளாம். வந்ததும் கார்டு போடுகிறேன்.

அக்கா